விழாத விழுகை

பனிச்சறுக்குத் தளத்தில் நிறைமதி கால் வைக்கும் முன்பே மதிப்பெண் பலகையில் மெஷினின் கணிப்பு வந்துவிட்டது: ‘நான்காவது தாவலில் விழுவார். ஒரு புள்ளி கழிக்கப்பட்டது.’

“விழாம ஆடிட்டா திருப்பித் தருவாங்களா மேடம்?”

“அந்தப் பேச்சே கிடையாது,” என்றார் பயிற்சியாளர் பவானி. “மெஷின் சொல்லி யாரு விழாம இருந்திருக்கா? இடுப்புல அடிபடாம விழு, அது போதும்.”

நிறைமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்காவது தாவலில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்கி, அசையாமல் நின்றாள். யாரும் கைதட்டவில்லை. அவள் எப்போது விழுவாள் என்று அரங்கமே காத்துக்கொண்டிருந்தது. இசை ஓய்ந்தும் அவள் விழவில்லை. அந்த ஒரு புள்ளியில்தான் பதக்கம் போனது.

“நான் விழவே இல்லையே மேடம்!” என்று ஷூவைக் கழற்றி வீசினாள்.

வெளியே போகும் படிக்கட்டில் நிறைமதியின் கை தானாகவே கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினாள். அவளுக்கே எரிச்சலாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு படி கீழே, அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார் பவானி, தாங்கிப் பிடிக்க இரு கைகளையும் விரித்துக்கொண்டு.