குழாய் வளைந்த இடம்

நானும் அண்ணனும் கடை கடையாக மோட்டார் சுமப்பவர்கள். இரும்புக் குழாயின் நடுவில் மோட்டாரைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் நான், பின்னால் அவன். ஆளுக்குப் பாதி பாரம்.

பத்து வருஷத்தில் என் தோள் போய்விட்டது.

"அதே பாரம்தானே எனக்கும்? நீ சோப்ளாங்கிடா தம்பி!" என்று சிரித்தாலும், என் முனையில் துணி சுற்றிக் கொடுத்தான் அண்ணன். நெகிழ்ந்துபோனேன்.

குழாய் வளைந்ததும் புதிது வாங்கப் போனேன். இரும்புக் கடைக்காரர் பழையதைப் புரட்டிப் பார்த்தார்.

"துணி சுத்தின முனை யாரோடது?"

"என்னோடது. முன்னால போறது நான்."

"சுமை தொங்குற இடத்துலதான் குழாய் வளையும். இது நடுவுலயா வளைஞ்சிருக்கு? உன் பக்கம் ஒரு முழம் தள்ளியில்ல இருக்கு! பின்னால வர்றவன் தினமும் கயித்தை உன் பக்கம் நகர்த்தியிருக்கான்யா."

நடுவிலிருந்து வளைந்த இடம்வரை நானே முழம் போட்டுப் பார்த்தேன்.

"புதுசு எடுக்கட்டுமா?"

துணியை அவிழ்த்தேன்.

"எடுங்க. நாளைக்கு முன்னால போறது அண்ணன். இந்தத் துணியை அவனுக்குச் சுத்திவிடுறேன்."