சிக்னல்காரர் எழுதிய புகார்

“ஆறு வருஷமா கீழ நின்னு எனக்குக் கை காட்டுற மனுஷன், என் மேலயே புகார் எழுதியிருக்காரு!”

கிரேன் ஓட்டுபவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கட்டட வேலை நடக்கும் இடத்தில், பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்து இரும்புக் கம்பிகளைத் தூக்கி வைப்பது அவள் வேலை. கீழிருந்து சைகை காட்டுபவர் சிக்னல்காரர். வாய் நிறைய ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள்.

புகாரில் அவர் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. ‘ஒற்றைத் தலைவலிக்காகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். கிரேன் ஓட்டத் தகுதி உண்டா என்று பரிசோதிக்கவும்.’

நேராக அவரிடம் போய் நின்றாள்.

“அது தலைவலி வந்தா போடுற மாத்திரையா? வராம இருக்கப் போடுறது! மாசத்துல எட்டு நாள் இருட்டு ரூம்ல வாந்தி எடுத்துட்டுக் கிடந்தவ நான். மாத்திரை ஆரம்பிச்சப்ப கொஞ்ச நாள் லீவு போட்டேன், அதுக்கப்புறம் இந்த நாலு மாசத்துல ஒரு நாள் லீவு போட்டிருக்கேனா? உங்களை நம்பித்தானேண்ணே சொன்னேன்!”

அவர் தலையைச் சொறிந்தார். “டாக்டர் சொல்லட்டும்மா.”

“சொல்லுவாரு. அதுக்கப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

மறுநாள் பரிசோதனை. கண், காது, ரத்த அழுத்தம். ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்கள். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

“மாத்திரையால தூக்கம் வருதா?” என்றார் டாக்டர்.

“ஆரம்பத்துல வந்துச்சு. அப்ப லீவு போட்டு வீட்ல இருந்தேன். இப்ப இல்ல.”

‘கிரேன் ஓட்ட முழுத் தகுதி’ என்று எழுதிக் கொடுத்தார். “நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.”

சான்றிதழை இன்ஜினியர் மேஜையில் வைத்தாள். “இதை அந்தப் பெரிய மனுஷன்கிட்டக் காட்டுங்க சார்!”

இன்ஜினியர் படித்துவிட்டு, டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டார்.

“என்ன சார் அது?”

“உங்களை ஸ்டோருக்கு மாத்துற ஆர்டர். பழைய லீவை எல்லாம் பாத்துட்டு மேலிடத்துல முடிவே பண்ணிட்டாங்க. சிக்னல்காரர்தான் உங்களுக்காக வந்து மல்லுக்கு நின்னாரு. ‘தகுதி இருக்குன்னு டாக்டர் எழுதினா ஆர்டரை நிறுத்தலாம். ஆனா யாராவது புகார் குடுத்தாத்தான் டாக்டர்கிட்ட அனுப்ப முடியும்’னேன். நின்ன இடத்துலயே எழுதிக் குடுத்துட்டாரு.”

கிழிந்த தாள்களை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘விஷயம் தெரிஞ்சா பயந்துரும், கை நடுங்கும். என் மேல கோபத்தோட போனாத்தான் தங்கச்சி ஜெயிச்சுட்டு வரும்’னாரு.”