கள்ளிகளுக்கு நடுவே ஜெசி

கூட்டேரிப்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் கள்ளித் தோட்டத்தில், பங்குனி மாத உச்சிவெயிலில், இருதயசெல்வி தன் ஐந்து வயது மகளைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறாள். உருண்டைக் கள்ளியில் பூத்திருந்த ஒற்றை மஞ்சள் பூவைப் போனில் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் நின்ற ஜெசியைக் காணவில்லை. ஆளுயரக் கள்ளிகள் தூண்தூணாக நின்று பார்வையை மறைக்கின்றன. கருங்கல் யானைக்குப் பின்னால் அவள் இல்லை. சிமெண்டில் செய்த பெண்சிலையின் மடியிலும் இல்லை. காலடியில் ஜல்லி நெரிபடும் சத்தத்தையும் மீறி லாரிகளின் இரைச்சல் கேட்கிறது. தண்ணீர் வண்டி வந்துபோகும் பின்பக்கக் கதவு, சாலையைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது.

"பாப்பா பேரைச் சொல்லும்மா, மைக்ல கூப்புடறேன்" என்கிறார் டிக்கெட் கொடுக்கும் பெரியவர்.

"அவளுக்குக் காது கேக்காதுங்க. பின்னாடி நின்னுக்கினு கத்தினாலும் திரும்ப மாட்டா."

பெரியவர் மைக்கைப் பிடித்தபடியே நிற்கிறார். பயனில்லை என்று தெரிந்தும் இருதயசெல்வி, "ஜெசி, ஜெசி" என்று கத்திக்கொண்டே ஓடுகிறாள். அப்போது கல்குதிரைகளுக்கு அப்பால் ஜெசியின் சிவப்புக் கவுன் பின்பக்கக் கதவை நோக்கி நடந்துபோவது தெரிகிறது. சுற்றிப் போக நேரமில்லை. சப்பாத்திக்கள்ளிப் பாத்திக்குள்ளேயே இறங்கி ஓடுகிறாள். புடவை கிழிகிறது, முழங்காலில் முட்கள் ஏறுகின்றன. கதவுக்கு நாலடி முன்னால் அந்தச் சின்னத் தோள் அவள் கையில் சிக்குகிறது. தொலைந்ததே தெரியாத ஜெசி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். மண்டியிட்ட அம்மாவின் வாய் இன்னும் அசைவதைக் கண்டு, எப்போதும்போல குரலின் அதிர்வைத் தொட்டறிய அம்மாவின் தொண்டையில் உள்ளங்கையை வைக்கிறாள். அந்த அதிர்வு என்றும்போல இல்லை; வைத்த கையை எடுக்காமலே இருக்கும் ஜெசியின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போய்விடுகிறது.