ஓட்ஸுக்கும் உண்டு காந்தல்
மும்பை மாட்டுங்கா வீட்டு அடுக்களையில் காலை வெயில் மூன்று டப்பாக்கள் மேல் விழுகிறது. மூன்றிலும் ஓட்ஸ்தான். பொடிப்பொடியான உடனடி ஓட்ஸை ஷ்யாமளா ஒதுக்குகிறாள். வெந்நீர் பட்டாலே அது கூழாகிவிடும். நேற்று அதைத்தான், "போஸ்டர் ஒட்டவா இது?" என்று தள்ளிவிட்டுப் பட்டினியாக ஆபீஸ் போனார் கணவர் ராமசேஷன். சர்க்கரைக்காரர் வயிற்றைக் காயப்போடலாமா? அடுத்தது அவல் மாதிரி தட்டையானது, தண்ணீர் தெளித்துப் பிசிறினால் போதும், அது சாயங்காலத்துக்கு. மூன்றாவதற்குள் கையை விட்டு அளைகிறாள். வெட்டிய ஓட்ஸ், அரிசி நொய் போலவே நறநறக்கிறது. நொய் உப்புமாவை ஆளத் தெரிந்தவளுக்கு இது எம்மாத்திரம்! வெண்கலப் பானையில் தேங்காயெண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிறது. மிளகும் துவரம்பருப்பும் உடைத்துப் போட்டு, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கொதித்ததும், வறுத்த ஓட்ஸைக் கொட்டி மூடித் தீயைத் தணிக்கிறாள்.

"எட்டு பத்து லோக்கல் ட்ரெயின் போயிடும்டி!" கூடத்திலிருந்து ராமசேஷன் குரல் கொடுக்கிறார்.

"போனா போறது. பின்னாடியே இன்னொண்ணு வரும்."

அரை மணி நேரம் அவள் மூடியைத் தொடுவதில்லை. அடி மெல்லச் சிவக்கும் வாசனை கூடம் வரை போகிறது. பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல் சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து அடுக்களை வாசலில் நிழல் விழுகிறது. துடைத்தாற்போன்ற தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார் ராமசேஷன்.

"அடியில காந்தல் இருந்தா, சுரண்டிப் போடேன்."