ஒன்பது குழி ஆட்டம்

"பந்தைத் தட்டுங்க மதன். எத்தன நேரம் அதயே பாத்துட்டு நிப்பீங்க?" என்றாள் லோகப்பிரியா.

மதன்குமார் தட்டினான். பந்து கொஞ்ச தூரம் உருண்டு புல்லிலேயே நின்றுவிட்டது.

மற்ற ஊர்களில் இந்தச் சின்ன கோல்ஃபுக்குப் பச்சைக் கம்பளம் விரித்திருப்பார்களாம். சிறுவாணி ரோட்டில் தொண்ணூற்றாறில் புதிதாகத் திறந்த இந்தப் பூங்காவில் நிஜப் புல். காலையில் விட்ட தண்ணீர் மத்தியானம் வரை காயாமல், தட்டின பந்தையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை. ஆளே இல்லை. இரண்டு பேரும் பம்ப்செட் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அவள் ஆசையாக விளையாட வந்திருந்தாள். அவன் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வந்திருந்தான்.

சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிய புராணமில்லை. ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான கோபிக்குப் போனவன் அம்மாவிடம் ஒருவழியாக வாயைத் திறந்து, இப்படி ஒரு பெண், கொடுமுடிப் பக்கம், இன்னார் மகள் என்று சொன்னான். அம்மா தெய்வாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, அவங்களும் நம்ம பயிரன் கூட்டந்தான். அந்தப் புள்ள உனக்குத் தங்கச்சி ஆகுது சாமி."

அவ்வளவுதான், முடிந்தது கதை. கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் ஏழு ஊர் தள்ளிப் பிறந்திருந்தாலும் அண்ணன் தங்கைதான். முன்னே பின்னே முகம் பார்த்திருக்கவே வேண்டாம். கவுண்டர் வீடுகளில் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இரண்டு வருஷம் அவள் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவன், நீங்க என்ன கூட்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காதலிக்கிற மும்முரத்தில் எவன் கேட்கிறான்! அவளும் கேட்டதில்லை.

முதல் குழியிலேயே சொல்லிவிடலாம் என்றிருந்தான். அவள் சிரித்தாள், விட்டுவிட்டான். பாலம் வைத்த குழியில், பந்து அந்தப் பக்கம் போனதும் சொல்லலாம் என்றிருந்தான். பாழாய்ப்போன பந்து பாலத்தையே தாண்டவில்லை. இப்படியே ஒவ்வொரு குழியாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

கடைசிக் குழிக்கு வந்தபோது, அங்கே புல்லுக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்த காவல்கார ராசப்பன் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இருவரையும் பார்த்துச் சிரித்தார். வயசானவர். பேச்சுத் துணைக்கு ஏங்கிப்போனவர் போலிருந்தது.

"ஏனுங்க தம்பி, எந்த ஊருங்க?"

"கோபிப் பக்கமுங்க."

"அட, நமக்கும் அந்தப் பக்கந்தானுங்க. என்ன கூட்டமுங்க?"

மதன்குமார் மட்டையைப் புல்லில் ஊன்றிக்கொண்டான். "பயிரனுங்க" என்றான்.

"அம்மணி?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டான். அவள் இப்போது பயிரன் என்பாள். பெரியவர் பதறிப்போய், நீங்க அண்ணன் தங்கச்சியாச்சேங்க என்பார். தான் சொல்ல வேண்டியதை வேறு யாராவது சொல்லிவிட்டால் நல்லதுதான் என்று நினைத்தான். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"காடை கூட்டமுங்க" என்றாள் லோகப்பிரியா.

யோசிக்கவில்லை, தடுமாறவில்லை. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் அது.

அப்படியென்றால் இருவரும் ஒரே கூட்டம் என்று அவளுக்கு முன்னமே தெரியும்.

போன மாசியிலும் அதற்கு முந்தின மாசியிலும் குலசாமி கோயில் நோம்பித் திருவிழாவுக்குப் போய்வந்து அவன் அவளுக்குத் திருநீறு கொடுத்திருக்கிறான். எந்தக் கோயிலுங்க என்று கேட்டு, வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள். இரண்டு மாசியிலும் அவள் ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே கிடந்தாள். லீவு இல்லை என்று சொன்னாள், இவனும் நம்பினான். அது அவளுடைய குலசாமியும்தான். அவன் வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சொந்தச் சாமியைக்கூட அவள் விட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இவனுக்குத் தெரிந்து முழுசாக மூன்று நாள் ஆகவில்லை. அதற்குள் ஆட்டத்தை முடிக்க வந்துவிட்டான்.

"அப்படிப் போடுங்க! கேக்கவே சந்தோசமா இருக்குதுங்க" என்றார் ராசப்பன். "கண்ணாலம் எப்பங்க?"

லோகப்பிரியா மதன்குமாரைப் பார்த்தாள்.

தை என்றோ வைகாசி என்றோ வாய்க்கு வந்த ஒரு மாதத்தைச் சொன்னால் போதும். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

அவனுக்கு அம்மா வந்து உட்கார்ந்ததுதான் ஞாபகம் வந்தது. பங்காளிகள் வாசலில் வந்து நின்று கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றான். "இவங்க எனக்குத் தங்கச்சி முறைங்க."

அவளிடம் சொல்ல வாய் வராதவன் தண்ணீர் பிடிக்கிற பெரியவரிடம் சொல்லிவிட்டான்.

ராசப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "காடைன்னு சொன்னாங்களேங்க?"

லோகப்பிரியா குனிந்து, குழிக்குப் பக்கத்தில் நின்றுபோயிருந்த தன் பந்தை எடுத்தாள். பந்தையும் மட்டையையும் பெரியவர் கையில் கொடுத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் நன்றாகத்தான் இருந்தது.

"நாந்தானுங்க தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றாள். "அண்ணன் சொல்றதுதானுங்க சரி."