முப்பத்தாறு கே.பி.

"போன் இன்னும் ஃபுல்லாத்தான் இருக்கு, தாத்தா," என்றான் தாம்பரம் செல்போன் கடை ஹேமநாத்.

"பெருசைத் தூக்கு, சின்னதை வைன்னு நீதானே சொன்ன? பெருசைத்தான் அழிச்சேன். என்னையே ஏமாத்துறியா?"

"எதை அழிச்சீங்க?"

"பேரெல்லாம் இங்கிலீசுல கீது. ஒண்ணு நாலு, இன்னொண்ணு முப்பத்தாறு. முப்பத்தாறைத் தூக்கிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டான். "நம்பர் பக்கத்துல எழுத்து இருக்கே! முப்பத்தாறு கே.பி. அது. ஆயிரத்து இருபத்து நாலு கே.பி. சேர்ந்தாத்தான் ஒரு எம்.பி. அதே மாதிரி ஆயிரத்து இருபத்து நாலு எம்.பி. சேர்ந்தா ஒரு ஜி.பி. இந்த நாலு, ஜி.பி. சினிமாப் படம். நீங்க அழிச்சது தூசு. ஏதோ வாய்ஸ் மெசேஜ்."

"ஆயிரம்னா ஆயிரம்தானே? மேல இருபத்து நாலு யாருக்கு, உனக்கா?" என்றேன். அப்புறம்தான் அவன் கடைசியாகச் சொன்னது உறைத்தது. "டேய், அந்தத் தூசைத் திருப்பிக் குடு."

அவன் எங்கெங்கோ தேடினான். "போனது போனதுதான், தாத்தா."

என் போனில் இருந்த ஒரே வாய்ஸ் மெசேஜ் என் மகன் ரங்கனுடையது. "அம்மா, பொத்தேரி தாண்டிட்டேன், தோசை ஊத்து" என்று வழியில் பைக்கை நிறுத்திப் பேசி அனுப்பியிருந்தான். அன்றைக்கு அவன் வீடு வந்து சேரவில்லை. தினமும் விளக்கு வைத்ததும் என் பெண்டாட்டி அஞ்சம்மாள் அதைக் கேட்பாள்.

வீட்டில் நான் வாய் திறப்பதற்குள் போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வழக்கம்போல் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"இன்னாடி?"

"இன்னிக்கு வேற பேசறான்யா. அப்பா என்னை ஏன் அழிச்சாருன்னு கேக்கறான்."