நிலநடுக்கப் பட்டியல்

"அப்பா, எனக்குப் பாஸ் எடுத்துத் தாங்கோ."

"அந்தக் கதையே வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்!"

மன்னார்த் தீவை விட்டு வெளியே போக இராணுவ முகாமில் பாஸ் வாங்கவேண்டும். போன வருசம் அதைக் கேட்கப் போன அண்ணன் திரும்பவில்லை. எனக்கோ வவுனியாவில் ஆசிரியர் வேலை. இந்த மாதத்தோடு நியமனக் கடிதம் செல்லாது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்குப் பாலத்தைத் தாண்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

எழும்பி அபூசாலி நானாவின் இன்டர்நெட் கடைக்குப் போனேன்.

"வந்திட்டா! இண்டைக்கு எங்க பூமி ஆடினதாம்?" நானா நக்கலடித்தார். "ஒரு சுனாமியோட இவ்வளவு பயமா, பிள்ளை?"

தினமும் பார்க்கும் உலக நிலநடுக்கப் பட்டியலைக் கணினியில் திறந்தேன். அதன் மேலே சிவப்பாக ஒரு வரி இருந்தது: சுமாத்திரா, எட்டுத் தசம் இரண்டு.

வீட்டுக்கு ஓடினேன். வானொலி சுனாமி எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தது.

"நீ பயந்தது நடந்திட்டுது! கோயில் மாடிக்கு ஓடு, பிள்ளை!" அப்பா கத்தினார்.

சான்றிதழ்ப் பையை அலுமாரியிலிருந்து எடுத்தேன்.

"ஆர் பயந்தது? போனமுறை எச்சரிக்கை வந்தபோது பாலத்துச் சென்றியில ஆமிக்காரர் ஒருத்தரிட்டையும் பாஸ் கேக்காமல் எல்லாரையும் விட்டவங்கள். மூண்டு மாசமாய் இதுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்களும் வாங்கோ."

அப்பா கதிரையில் இருந்துவிட்டார்.

"கொண்ணன் வந்தால் வீட்டில ஆர் இருக்கிறது?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சனமெல்லாம் கோயிலுக்கு ஓட, நான் பாலத்தைப் பார்த்து நடந்தேன்.